ஆமாம் போடும் விரல்

ஜாவாவிலேயே மரியாதை மிகுந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், எங்கள் மாஸ் தர்மாஜி, அதாவது தர்மாஜி அண்ணன், முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவார். எதிரே நிற்பவருக்கு வழிவிட்டு ஒதுங்கிவிடுவாரே, பிறகு எப்படி ஜெயிப்பது? கொசு கடித்தால் அது குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொள்ளும் வரை கையை அசைக்க மாட்டார். மெராப்பி எரிமலை உறுமியபோது ஊரே ஓட, மலை பேசி முடிக்கட்டும் என்று இவர் மட்டும் கைகட்டி நின்றார் என்று ஒரு கதை உலவுகிறது. அதைக் கிளப்பிவிட்டவள் நான்தான். ஆனால் பாருங்கள், கேட்டவர்களில் ஒருவர்கூட 'அப்படியா?' என்று புருவம் உயர்த்தவில்லை.

அவர் வாயில் 'இல்லை' வராது. எதைக் கேட்டாலும் 'இங்கிஹ்' என்பார். மரியாதையாக ஆமாம் சொல்வதற்கு ஜாவா மொழியில் உள்ள சொல் அது. ஆனால் எங்கள் ஊர் யோக்யாவில் இங்கிஹ் என்றால் ஆமாம் என்று நம்புகிறவர் காலையில்தான் ரயிலைவிட்டு இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கும் இங்கிஹ்தான். யோசித்துப் பார்க்கிறேன் என்பதற்கும் இங்கிஹ்தான். உங்கள் மனம் நோக வேண்டாம், இப்போதைக்குப் போய் வாருங்கள் என்பதற்கும் அதேதான். இழுக்கும் இழுப்பையும் தலை சாயும் சாய்வையும் பார்த்து எது என்று கண்டுகொள்ள வேண்டும். நான் தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் அடுத்தவர் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள். முகம் பார்க்காமலே ஏழெட்டு வகை இங்கிஹ் பிரிப்பேன். ஓய்வு பெற்ற பிறகு அது நாற்பது வகையாகிவிட்டது. சும்மா இருக்கும் வீட்டில் எல்லாம் வளரும்.

மாஸ் தர்மாஜி எங்கள் காம்புங் குடியிருப்பின் புறாச் சங்கத்துக்குச் செயலாளர். பெர்குத்துத் புறாக்களைக் கூண்டோடு தென்னை உயரக் கம்பத்தில் ஏற்றிவிட்டு, கீழே நடுவர்கள் உட்கார்ந்து அவற்றின் குரலுக்கு மதிப்பெண் போடுவார்கள். மதிப்பெண் எல்லாம் சங்கக் கொட்டகையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்குள் போகும். அது எப்போதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டது. டச்சுக்காரர்கள் கப்பலேறும்போது மறந்து வைத்துவிட்டுப் போனது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன். காசு கொடுக்காமல் ஓடட்டும் என்று அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவள் நான். நான்கு மூட்டுவலிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் லினக்ஸ் குழுவில் எனக்கு மட்டும்தான் கீழே குனிந்து வயர் செருக முடியும். ஆகவே நானே தலைவி.

மாஸ் தர்மாஜியிடமும் ஒரு புறா உண்டு. கியாய் கெரிமிஸ் என்று பெயர். கியாய் என்பது மரியாதைப் பட்டம், கெரிமிஸ் என்றால் தூறல். அதன் குரல் ஓட்டில் விழும் முதல் தூறல்போல இருக்கும். கேட்டவர்கள் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுவார்கள். ஒருநாள் நான் கொட்டகைக்குப் பின்பக்கம் வந்தபோது அவர் அதனோடு பேசிக்கொண்டிருந்தார். "இல்லடா ராஜா, இல்ல. இன்னிக்கு இவ்வளவு தினை போதும். கேட்டா மட்டும் குடுத்துடுவேனா? இல்லன்னா இல்லதான்." நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இவருக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்கிறது! உலகத்தில் அதைச் சொல்ல அவருக்கு இருந்த ஒரே உயிர் அந்தப் புறா. சிரிப்பு வந்தது. வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் புறாவின்மேல்தான் பாக் தோகார், அதாவது தோகார் ஐயா, கண் வைத்தார். தோகார் கடல்தாண்டி மேடான் பக்கத்திலிருந்து வந்த பாதாக் இனத்துக்காரர். இங்கே வந்து பாக்பியா கடை போட்டிருக்கிறார். மாவுக்குள் பருப்பு வைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பண்டத்தை எங்கள் ஊருக்கே விற்கும் தைரியசாலி. அவர் ஊரில் ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் மேசை உடையும். ஒருநாள் சங்கத்தில் எல்லோர் முன்னிலும் சொன்னார்: "பாக் தர்மாஜி, இந்தப் பெட்டி ஒருநாள் சாகும். சாகற அன்னிக்கே சங்கத்துக்கு நான் புதுசு வாங்கி வச்சுடறேன். பதிலுக்கு கெரிமிஸை எனக்குக் குடுத்துடுங்க. சரிதானே?"

மாஸ் தர்மாஜி, "இங்கிஹ்," என்றார்.

புதுக் கம்ப்யூட்டர் என்றதும் சங்கத்தார் கைதட்டினார்கள். பெட்டி அன்றிலிருந்து சாகவே கூடாத பெட்டியாகிவிட்டது என்று எனக்கும் மாஸ் தர்மாஜிக்கும் மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை அது செத்தது. மறுநாள் போட்டி; சோலோவிலிருந்தும் கிளாத்தேனிலிருந்தும் கூண்டுகள் வரும். மழை பெய்துகொண்டிருந்தது. நான் சாப்பிட உட்கார்ந்தபோது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் மாஸ் தர்மாஜியின் செய்தி வந்தது: 'கம்ப்யூட்டருக்கு இன்று சற்றுக் களைப்பு.' அதன் கீழேயே தோகாரின் பதில்: 'செத்தாச்சா! மாலை அஸர் தொழுகை முடிந்ததும் புதுசோடு வருகிறேன். கூண்டும் தயார்.' நான் தட்டை மூடி வைத்துவிட்டு பென் டிரைவை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்றால் என் முழங்கால் அனுமதித்த ஓட்டம். நத்தை ஒன்று பின்னால் ஹாரன் அடித்தது.

கொட்டகையில் மாஸ் தர்மாஜி கெரிமிஸின் பழைய கூண்டைத் துடைத்து, தினையைச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் முகம்.

"என்ன மாஸ், சீர் வரிசையா?"

"புது எடத்துல தினை மாறினா தொண்டை கட்டிக்கும், ஜெங் விதாரி. அதான்." விதாரி நான்: இவருக்கு ஜெங், அதாவது தங்கச்சி; மற்றவர்களுக்கு இபு, அதாவது அம்மா.

"மொதல்ல பொட்டலத்தைக் கீழ வைங்க. பெட்டிக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க."

பெட்டியைப் போட்டேன். கறுப்புத் திரை முழுக்க வெள்ளை எழுத்துகள் தடதடவென்று ஓடின. பிறகு அப்படியே நின்றன. கடைசி வரியில் 'கெர்னலுக்குப் பீதி, ஹார்ட் டிஸ்க் வட்டைத் திறக்க முடியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு புலம்பல். மெஷினே பீதி என்று எழுதிக் காட்டினால் மனிதர்கள் என்ன செய்வது? ஆனால் எனக்கு அது பிடிக்கும். உள்ளே பீதி என்றால் வெளியேயும் பீதி என்றே சொல்லிவிடுகிறது. 'சற்றுக் களைப்பு' என்பதில்லை.

"அப்டேட் பண்ணீங்களா?"

"பண்ணட்டுமான்னு கேட்டுச்சு."

"பண்ணீட்டீங்க."

"இங்கிஹ்."

கெர்னல் என்றால் பருப்பு. பாக்பியாவுக்குள் இருக்கிறதே, அதேதான். நாம் பார்க்கும் படம், பொத்தான், மதிப்பெண் பலகை எல்லாம் வெளிமாவு. உள்ளே இருக்கும் கெர்னல்தான் கம்ப்யூட்டரை நடத்துவது. அப்டேட் செய்தால் புதுப் பருப்பு வரும். ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்பிப் போக இருக்கட்டும் என்று பழையதும் பக்கத்தில் கிடக்கும். ஆகவே இந்த மாதிரிச் சமயத்தில் முதல் வைத்தியம் எளிது. பெட்டி எழும்போதே ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும். பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடும். நானும் அழுத்திப் பிடித்தேன். பட்டியல் வந்தது. அதில் ஒன்றே ஒன்று இருந்தது, பீதியடைந்த புதியது.

"மாஸ், பழைய கெர்னலெல்லாம் எங்க?"

"அதுங்களை... அனுப்பி வச்சுட்டேன், ஜெங்."

"யாரைக் கேட்டு?"

"நான் எங்க கேட்டேன்? அதுதான் என்னைக் கேட்டுச்சு. எடம் பத்தலை, பழசையெல்லாம் எடுத்துடட்டுமான்னு ரொம்பப் பணிவா."

"நீங்க?"

"ஆமாம்னு 'ஒய்' எழுத்தைத் தட்டினேன்."

"அப்புறம்?"

"இப்போ ஓடிக்கிட்டிருக்கறதையுமா, நிச்சயமான்னு மறுபடியும் கேட்டுச்சு. அவ்வளவு அக்கறையா கேக்கறப்ப எப்படி ஜெங் இல்லன்னு சொல்றது? பாவம், அதுவும் கேட்டுட்டு எவ்வளவு நேரந்தான் காத்துக்கிட்டிருக்கும்?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மனிதர்களிடம் இங்கிஹ் சொன்னால், அது எந்த இங்கிஹ் என்று அவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறோம். தலைச் சாய்வைப் பார்ப்பார்கள், விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டருக்குக் கண் ஏது? ஒய் என்றால் ஒய். அதுவும் ஒரு மேடான்காரர்.

"சரி, கடைசியா என்ன பண்ணிக்கிட்டிருந்துச்சு?"

"ஏதோ கட்டிக்கிட்டிருந்துச்சு. அதுக்குள்ள மத்தியான லுஹர் பாங்கு சொல்லிட்டாங்க. பாங்கைக் காக்க வைக்கலாமா? நன்றின்னு சொல்லிட்டு அணைச்சுட்டேன்."

எல்லாம் விளங்கிவிட்டது. கெர்னல் எழுந்ததும் அதன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சின்ன மூட்டை இருக்க வேண்டும். வட்டு எங்கே, அதை எப்படித் திறப்பது என்பதெல்லாம் அந்த மூட்டைக்குள். இல்லாவிட்டால் என் கணவர் கதைதான்: மூக்குக்கண்ணாடியைத் தேட மூக்குக்கண்ணாடி வேண்டும். இந்தப் பெட்டியில் மூட்டை வைக்கும் அலமாரி பழைய கெர்னல்களால் நிரம்பி வழிந்திருக்கிறது. புதியது வந்தது, மூட்டைக்கு இடமில்லை. இடம் செய்ய இவர் பழையவற்றையெல்லாம் வழியனுப்பிவிட்டார். இடம் கிடைத்து மூட்டை கட்ட உட்கார்ந்த நேரத்தில் மரியாதையாக விளக்கை அணைத்துவிட்டார்.

"பொழைக்குமா, ஜெங்?"

"பொழைக்கும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு தோகார்கிட்ட சொன்னது எந்த இங்கிஹ்?"

அவர் பொட்டலத்தின் முடிச்சைப் பார்த்தார். "காதுல விழுந்துச்சுங்கற இங்கிஹ்."

"அவர்கிட்ட அதைச் சொல்லியிருக்கலாமே?"

"மனசு நோகுமே. சங்கமே கைதட்டுச்சு. நான் எங்க போய்ச் சொல்ல?"

"அப்போ உங்க மனசு?"

அவர் முடிச்சை இன்னும் இறுக்கினார். கூண்டுக்குள் கெரிமிஸ் ஒரு தரம் கூவியது. வெளியே ஏற்கெனவே மழை.

நான் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "உக்காருங்க. நான் சொல்றேன், நீங்க தட்டுங்க. கெடுத்த வெரல்தான் சரி பண்ணணும்."

பென் டிரைவிலிருந்து பெட்டியை எழுப்பினோம். படுத்த கம்ப்யூட்டரை எழுப்ப நான் கைவசம் வைத்திருக்கும் முழு லினக்ஸ் அது. எழுந்ததும் அது கேட்டது: சும்மா முயன்று பார்க்கிறீர்களா, அல்லது இந்தக் கம்ப்யூட்டரில் நிறுவிவிடட்டுமா? மாஸ் தர்மாஜியின் விரல் 'நிறுவிவிடு' பக்கம் கிளம்பிவிட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"ஐயோ மாஸ்! அதைத் தட்டினா வட்டு முழுக்கத் தொடச்சுடும். சங்கத்துல கூவின அத்தனை புறாவும் ஊமை!"

"ரெண்டுல அதுதான் கொஞ்சம் ஆசையா கேட்ட மாதிரி இருந்துச்சு, ஜெங்."

"ஆசையா கேட்டா குடுத்துடறதா? கெரிமிஸ்கூட ஆசையாத்தான் தினை கேக்குது."

சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் நின்று கேட்டது இப்படி வெளியே வரும் என்று நானும் நினைக்கவில்லை. திரையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். பழைய வட்டைத் திறந்தோம், அலமாரியை அதன் இடத்தில் மாட்டினோம், வெளியிலிருந்தபடியே படுத்திருப்பவனின் உடம்புக்குள் புகுந்தோம். பாதியில் விட்ட வேலையை முடி என்று ஆணை கொடுத்தோம். எழுத்துகள் ஓடின. பிறகு ஒரு கேள்வியில் வந்து நின்றன.

அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும். இந்தக் கிழட்டு வட்டை அடையாளம் காண்பதற்காக மூட்டையின் அமைப்புக் கோப்பில் நானே இரண்டு வரி சேர்த்து வைத்திருந்தேன். இப்போது புதிய கோப்பு வந்திருக்கிறது. என் வரிகள் போனால் மூட்டை கட்டியும் பயனில்லை, மறுபடியும் பீதிதான். பதிலை நான் சொல்லவில்லை.

"படிங்க, மாஸ்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எங்கள் பேச்சில் மாற்றி மாற்றிப் படித்தார். "இந்தக் கோப்பை இங்க யாரோ மாத்தியிருக்காங்க. செஞ்சவங்க புதுசா ஒண்ணு அனுப்பியிருக்காங்க. என்ன செய்யட்டும்? ஒய் தட்டினா, புதுசை வச்சுடறேன். இல்லன்னு 'என்' எழுத்தைத் தட்டினா..." நிறுத்தினார். மறுபடி படித்தார். "'என்' தட்டினா, இப்போ உங்ககிட்ட இருக்கறதையே வச்சுக்கங்க."

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்த வரியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஜெங், இதுல இல்லன்னு சொன்னா இருக்கறது இருக்கும்னு போட்டிருக்கு."

"ஆமா."

"நான் என்னமோ, இல்லங்கறது எதிராளி கையிலேர்ந்து ஒண்ணைப் பிடுங்கறதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அதற்கு ஒரு கேலி என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன். அது கசக்கவில்லை என்பது எனக்கே வியப்பு.

அவருடைய வலக்கைச் சுட்டுவிரல் ஒய்யின் மேலிருந்து கிளம்பியது. யோக்யாவிலிருந்து சுராபாயாவுக்குக் கால்நடையாகப் போகிறவன்கூட வழியில் இரண்டு இடத்தில்தான் உட்காருவான்; அந்த விரல் ஒவ்வோர் எழுத்திலும் உட்கார்ந்து எழுந்தது. 'என்' எழுத்தின் மேல் போய் நின்றது. "மன்னிச்சுக்கணும்," என்று கம்ப்யூட்டரிடம் தலை சாய்த்துச் சொல்லிவிட்டுத் தட்டினார்.

கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளவில்லை. மேசையும் உடையவில்லை. மறுபேச்சில்லாமல் மூட்டையைக் கட்டத் தொடங்கியது. மாஸ் தர்மாஜி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைப் போட்டோம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்துகள், ஒரு கணம் மூச்சே இல்லை. பிறகு சங்கத்தின் புறாப் படத்தோடு மதிப்பெண் பலகை வந்து நின்றது. நான் எழுந்து ஆடினேன். நான் ஆடியதில் கம்பங்கள் சாய்ந்தன என்று இப்போது சொல்லிவருகிறேன், யாரும் மறுக்கவில்லை. மாஸ் தர்மாஜி தினைப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோகாரின் வண்டி சேற்றைத் தெறித்துக்கொண்டு வந்து நின்றது. ஒரு கையில் வெல்வெட் உறை போட்ட புதுக் கூண்டு, மறு கையில் பாக்பியா டப்பா.

"பாக் தர்மாஜி! போயிடுச்சாமே!" என்று இரைந்தபடி உள்ளே வந்தவர் திரையைப் பார்த்தார். "அட, எழுந்து உக்காந்துட்டானா கெழவன்? இபு விதாரி கைவரிசையா? பரவாயில்ல, இன்னிக்கு எழுந்தவன் நாளைக்குப் படுப்பான். புதுசு வண்டியில இருக்கு. எறக்கச் சொல்றேன். கெரிமிஸை எடுத்துக்கட்டுமா?"

எடுத்துக்கட்டுமா! அதே பணிவு, அதே கேள்வி. நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு, ஆயுளில் முதல்முறையாக, யாரும் சொல்லாமலே மூடிக்கொண்டேன். கெட்ட வழக்கம், தொடர உத்தேசமில்லை.

மாஸ் தர்மாஜி எழுந்து நின்றார். தலை பழையபடி சாய்ந்தது. "இ..." என்று வந்துவிட்டது. அவருடைய சுட்டுவிரல் வேட்டிமேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். எழுத்து எழுத்தாக. கடைசியில் ஓரிடத்தில் நின்று, அழுத்தியது.

"ம்போத்தென்," என்றார். எங்கள் மொழியின் மரியாதையான 'இல்லை' அது. அவர் வாயில் அது பிரிக்காத பெட்டிச் சாமான்போலப் புதிதாக இருந்தது. "கெரிமிஸ் எங்கிட்டயே இருக்கட்டும், பாக். மன்னிச்சுக்கணும்."

மழை நின்றது. நிஜமாகவே நின்றது, இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

தோகார் கூண்டைக் கீழே வைத்தார். "அன்னிக்கு இங்கிஹ்னு சொன்னீங்களே?"

"அது, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுங்கற இங்கிஹ், பாக்."

"காதுல விழுந்துச்சா!" அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. மேசையைத் தட்டப் போகிறார் என்று கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் தட்டவில்லை. "எங்க ஊர்ல இல்லன்னா கத்துவோம். சட்டையைப் பிடிப்போம். அப்புறம் ஒரே தட்டுல சாப்பிடுவோம். இங்க வந்த நாள்லேர்ந்து எல்லாரும் எனக்கு ஆமாதான் சொல்றாங்க, இபு. வீட்டுக்கு வாங்கன்னா ஆமா, சாப்பிட வாங்கன்னா ஆமா. ஒருத்தர் வந்ததில்ல. பெஞ்சாதி சோறாக்கி வச்சுட்டு வாசலைப் பாத்துக்கிட்டு நிப்பா." மாஸ் தர்மாஜியை நிமிர்ந்து பார்த்தார். "இந்த ஊர்ல எங்கிட்ட மொதமொதல்ல பேசினது நீங்கதான், பாக்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டுக்கு வருகிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன், நாற்பது வகையில் ஏதோ ஒரு வகையில்.

"புதுக் கம்ப்யூட்டரை என் கடைக்கே கொண்டுபோயிடறேன்," என்றவர் டப்பாவைத் திறந்து நீட்டினார். "இதையாவது சாப்பிடுங்க. ஆமா... வாரா வாரம் குடுக்கறேன், நல்லாயிருக்குன்னு சொல்றீங்களே. அது நெசமா?"

இப்போது நான் உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். தோகாரின் பாக்பியாவில் இருக்கும் சர்க்கரையை மட்டும் பிரித்தெடுத்தால் இன்னொரு மெராப்பி கட்டலாம். எறும்புகளே பாதியில் வைத்துவிட்டுத் தண்ணீர் தேடிப் போகும். நான் கொட்டகையின் கூரையை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தேன்.

மாஸ் தர்மாஜி ஒன்றை எடுத்தார். நிதானமாகக் கடித்தார். மென்றார். தலையைச் சற்றே சாய்த்தார்.

"இங்கிஹ்," என்றார்.

தோகார் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இபு விதாரி, இது எந்த இங்கிஹ்?"

மழைச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்றேன்.